இடது மரை

ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு சைக்கிள் பெடலைக் கழற்ற உட்கார்ந்தேன். மொட்டை மாடி, விரித்த பழைய தினத்தாள், அதன்மேல் கடன் வாங்கிய ஸ்பேனர். வலப் பெடல் ஒரு முனகலோடு கழன்று வந்தது. இடப் பெடல் அசையவில்லை. எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். கடைசியில் ஸ்பேனர்மேல் ஏறியே நின்றேன். அரை மணி நேரம் கழித்து, உள்ளங்கையில் கொப்புளத்தோடு, ஒற்றைப் பெடல் வண்டியைத் தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கழட்டல சார். அரை மணி நேரமா முடுக்கியிருக்கீங்க. லெஃப்ட்டு பெடலுக்கு லெஃப்ட்டு மரை."

மரை என்ற சொல்லை அதுவரை நான் மனிதர்களைத் திட்டத்தான் பயன்படுத்தியிருந்தேன். சைக்கிளும் செடியுமாக நான் மாடியேறத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் என்னைப் பற்றியும் அந்தச் சொல் புழங்குகிறது என்று தெரியும். கழல்கிற மரையில் வலது, இடது என்று இரண்டு வகை உண்டென்பதுதான் புதுச் செய்தி.

ஏன் அப்படி என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார் வரும்" என்றார். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி எதிர்ப்பக்கம் ஒரே அழுத்து. பெடல் வந்துவிட்டது. காரணத்தைப் பிறகு நானே தேடிக்கொண்டேன். கையைத் தளர்வாக மூடி, அதற்குள் ஒரு பென்சிலை நிறுத்தி, பென்சிலின் தலையை மட்டும் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் சுற்றுகிற திசைக்கு எதிராகப் பென்சில் உள்ளே உருளும். மிதிக்கிற காலின் எடை பெடல் அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்தும்போதும் இதுவே நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை என்றால், ஓட்ட ஓட்ட ஒரு பெடல் தானாகக் கழன்று விழுந்துவிடும். எதிரெதிர்த் திருப்பம் இருப்பதால்தான் இரண்டும் நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

அம்பத்தூரில் குடியிருப்பவன் இத்தனை காலம் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தது கொஞ்சம் வெட்கக்கேடுதான். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பால் கேனும் தழைக்கட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறிப்போன வண்டிகள் எங்கள் ஊரைச் சேர்ந்தவை.

என் ஹெர்குலஸைப் பழைய இரும்புக் கடையில் பார்த்தேன். தினத்தாள் போடப் போன இடம். இருபத்து நான்கு அங்குல பிரேம், ராடு பிரேக், துருப்பிடித்த செயின் கவர். கிலோ கணக்கில் கொடுங்கள் என்றேன். தராசில் ஏற்றினால் இருபதைத் தாண்டியது. கடைக்காரர் யோசித்துவிட்டு, "ஓடுற வண்டிக்கு இரும்பு விலை கிடையாது" என்றார். அது ஓடவில்லை. இரண்டு டயரும் தரையோடு தரையாகக் கிடந்தன. இருந்தாலும் அந்த வாக்கியத்தின் கண்ணியத்துக்காகக் கூடுதலாக முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

செடிகள் வந்த கதை இன்னும் அற்பமானது. தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டப் பை ஒன்று உறவினர் வீட்டில் பிரிக்காமல் கிடந்தது. வளர்ப்புப் பைகள், அமுக்கிய தென்னைநார்க் கட்டி, விதைப் பொட்டலங்கள், வேப்பெண்ணெய். எடுத்துப் போங்கள் என்றார்கள். நார்க்கட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அது ஊதி ஊதி வாளியை விட்டு வெளியே வந்தது. அந்த வித்தையில் மயங்கித்தான் நான் தோட்டக்காரன் ஆனேன். ஆடி மாதமும் சேர்ந்து அமைந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். என்னைத் தேடி வந்த பட்டம் அது.

மாடியில் ஒரு மூலையில் சைக்கிள், மறு மூலையில் பைகள். நடுவில் நான்.

சைக்கிள் கடையில் ஒரு சொல் இருக்கிறது: ஓவராயிலிங். ஆங்கிலத்தில் முழுவதும் பிரித்துச் செப்பனிடுவதைக் குறிக்கும் சொல், நம் பட்டறையில் நுழைந்து, எண்ணெயில் ஊறி, இப்படி வெளியே வந்திருக்கிறது. மூலத்தை விட இது பொருத்தம் என்பது என் கட்சி. பிரித்துப் போடுவது என்றாலே எண்ணெய் சம்பந்தப்பட்டதுதான். ஆயுதபூஜைக்கு முன் கடை வாசலில் வண்டிகள் தலைகீழாக நிற்கும். அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, கோன், கப், பால்ரஸ் எல்லாவற்றையும் அதில் போட்டு, பழைய பிரஷால் தேய்த்து, துடைத்து, கிரீஸ் வைத்து, மறுபடி கோப்பது. இந்த வேலையின் பெரிய ஆறுதல், எல்லாவற்றையும் திருப்பிச் செய்ய முடியும் என்பது. தப்பாகக் கோத்தால் பிரி. மறுபடி கோ. இரும்பு கோபித்துக்கொள்ளாது.

ஆனால் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். பின்சக்கர அச்சில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ், கால் அங்குலக் குண்டு. கோனைக் கழற்றுகிறவரை அவை கிரீஸில் ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இருக்கும். அச்சை உருவியதும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். என் முதல் ஓவராயிலிங்கில் பதினேழு கிடைத்தன. பதினெட்டாவது மாடித்தரையில் உருண்டு பைகளின் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன், கையால் பிடிக்கவில்லை. கடையில் ஒரு பால்ரஸ் கேட்டபோது அவர் ஏன் என்று கேட்காமல் மூன்று கொடுத்தார். அனுபவஸ்தர்.

அந்தக் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்துக்காரர் ஃப்ளான் ஓ'பிரையனின் 'மூன்றாவது போலீஸ்காரன்' என்ற நாவலில் ஒரு சார்ஜெண்ட் வருவார். சைக்கிளிலேயே கிடப்பவர்களின் அணுக்களும் சைக்கிளின் அணுக்களும் இடம் மாறிக்கொள்கின்றன, கடைசியில் மனிதன் பாதி சைக்கிளாகிவிடுகிறான், அப்படிப்பட்டவர்கள் சுவரில் முழங்கையைச் சாய்த்துக்கொண்டோ நடைபாதை விளிம்பில் ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டோ நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. எழுதியவர் இறந்த பிறகு 1967-இல்தான் அந்த நாவல் வெளிவந்தது. எங்கள் கடைக்காரர் எப்போதும் கடை வாசல் கல்லில் இடது காலைத் தூக்கி வைத்தபடிதான் நிற்பார். கிழிந்த டியூபைக் கண்ணால் பார்க்கமாட்டார். கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காற்றை உணர்வார். தண்ணீர்த் தொட்டி எங்களைப் போன்றவர்களுக்கு.

செடிப் பக்கத்தின் குரு எதிர்வீட்டு அக்கா. புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களின் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துபோய், ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், அதில் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற வசதியும் இருந்தது என்று. அக்கா அப்படிப் பழகியவர். கம்பியில் மூத்த மகன், கேரியரில் தண்ணீர்க் குடம். அதனால் என் இரண்டு பொழுதுபோக்கையும் ஒருசேரக் கேலி செய்ய அவருக்குத் தகுதி உண்டு. "நாங்க பொழைக்கக் கத்துக்கிட்டதெல்லாம் உங்களுக்கு வெளையாட்டாப் போச்சு தம்பி" என்றார் முதல் நாளே. பதில் சொல்ல முடியாத பேச்சு. இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

என் முதல் கத்தரி நாற்றுகள் மஞ்சளாகி, தலை தொங்கி நின்றபோது, தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். அக்கா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "தண்ணி கேட்டுச்சா உங்ககிட்ட?" பைக்குள் விரலைவிடச் சொன்னார். மேலே காய்ந்து பொருபொருவென்றிருந்த நார்க்கழிவு, இரண்டு கணு ஆழத்தில் சேறாக இருந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மேலே இலை வாடும். மூழ்கிச் சாகிற செடி தாகத்தில் சாகிறதைப் போலவே காட்சி தரும் என்பது எவ்வளவு பெரிய குரூரம். நான் இடது மரையை மறுபடி முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கொள்கை உருவானது. நாற்பது நாள் அதைக் காப்பாற்றினேன். சைக்கிள் கை வைக்கச் சொல்கிறது, செடி கையை எடுக்கச் சொல்கிறது. நான் இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தக் கொள்கை. சான்றுகளும் இருந்தன. வெண்டை விதை முளைத்ததா என்று பார்க்கத் தோண்டி, முளையை ஒடித்திருக்கிறேன். தக்காளியை மூன்று தடவை பை மாற்றியிருக்கிறேன்; ஓவராயிலிங் செய்வதாக நினைப்பு. அதே சமயம் பெடல் அச்சுப் பக்கம் கேட்ட 'கட் கட்' சத்தத்தை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று, காய்ச்சலைப் போலக் கவனிக்காமல் விட்டேன். அது காட்டர் பின் தேய்ந்த சத்தம். விட்டதில் கிராங்கின் ஓட்டையும் சேர்ந்து தேய்ந்தது.

மிகப் பெரிய சான்று மாவுப்பூச்சி. செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மாவுப்பூச்சிமேல் நியாயமான பயம் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மருந்து அதை அடக்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரீகோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுதான் அடக்கியது. இதெல்லாம் படித்தவன் நான். படித்துவிட்டு, ஈரத்துணியும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். அவற்றில் சில கொஞ்சம் பெரிதாக, சடை சடையாக, வேகமாக ஓடின. பெரிய பூச்சி என்று அவற்றை முதலில் நசுக்கினேன். பிறகு ஒரு படத்தில் பார்த்தேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுக்கள். இரையைப் போலவே வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு, இரைக்கு நடுவில் திரிபவை. எனக்காகக் கூலியில்லாமல் வேலை செய்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றிருக்கிறேன்.

ஆகவே கையைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். மசனோபு ஃபுகுவோகாவை எடுத்து வைத்துக்கொண்டேன். தமிழில் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று நம்மிடம் வெகுகாலமாக இருக்கிற புத்தகம். ஒன்றும் செய்யாத வேளாண்மை! என் சோம்பலுக்கு ஒரு ஜப்பானியத் தத்துவம். ஆனால் அந்த மனிதர் அந்தப் புத்தகத்திலேயே தன் முதல் தோல்வியைச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பை இயற்கைப்படி விடுகிறேன் என்று கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. ஏற்கெனவே மனிதக் கை பட்டு வளர்ந்த மரத்தைத் திடீரென்று கைவிடுவதற்குப் பெயர் இயற்கை இல்லை. என் செடிகளோ மொட்டை மாடியில், நெகிழிப் பையில், தேங்காய் மட்டையின் தூளில் நிற்பவை. அவற்றுக்கு ஏது இயற்கை? நான் கையைக் கட்டிக்கொண்டால் இரண்டு நாள் வெயிலில் முடிந்துவிடும்.

கொள்கையை உடைத்தது சுரைக்கொடி. பந்தல் முழுவதும் ஏறி, தினமும் அந்தியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. முதல் பத்துப் பன்னிரண்டு நாள் எல்லாம் நீளக் காம்பு ஆண்பூ. பிறகு, அடியில் விரல்நுனி அளவு காயை ஏந்திக்கொண்டு பெண்பூக்கள் வந்தன. பூ வாடும், குட்டிக் காய் மஞ்சளாகும், உதிரும். நான் தலையிடாத தீவிரத்தில் இருந்தேன். ஏழெட்டு உதிர்ந்த பிறகு அக்காவிடம் சொன்னேன்.

"பூச்சி வரல தம்பி உங்க மாடிக்கு. நீங்கதான் தொட்டுவிடணும்."

"நானா?"

"பின்ன யாரு, நானா வருவேன் ராத்திரி?"

சுரை இரவுப் பூ, அந்துப்பூச்சிகளுக்காகத் திறப்பது. ஏழு மணிக்கு டார்ச்சோடு போனேன். ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் மிஞ்சிய மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேய்த்தேன். பால்ரஸுக்குக் கிரீஸ் வைக்கிற அதே அழுத்தம். அதைவிடக் கூடக் கூடாது. மூன்று பூவுக்குச் செய்தேன். இரண்டு உதிர்ந்தன. ஒன்று நான்காம் நாள் காலையில் கழுத்தை வளைத்துக்கொண்டு, மேலெல்லாம் பூனைமயிரோடு, கட்டைவிரலை விடப் பெரிதாகத் தொங்கியது.

அதே வாரத்தில் சைக்கிளும் மறுபக்கத்தைக் காட்டியது. பின்சக்கரம் ஆடியது. நாற்பது கம்பி. ஒரு பக்கம் கோணினால் அந்தப் பக்கத்து நிப்பிளைக் கால் திருப்புத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை அதே அளவு முடுக்க வேண்டும். பெண்ட் எடுப்பது என்பார்கள். புடலங்காய் நுனியில் கல் கட்டி நேராக்குகிற அக்கா, நான் நிப்பிள் சாவியோடு இரண்டு மாலைப்பொழுதைக் கழித்ததைப் பார்த்து, "அதுலயும் ஒரு கல்லக் கட்டி விடுங்க" என்றார். கடைசியில் சக்கரம் நேராகச் சுற்றியது. ஓட்டிப் பார்த்தேன். தெரு திரும்புவதற்குள் 'டிங், டிங், டிணுக்' என்று கம்பிகள் கத்த ஆரம்பித்தன. அப்படியே இறங்கி, கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் கல்லில் காலை வைத்தபடியே கேட்டார். "நீங்களே எடுத்தீங்களா? பரவால்லயே. ஒண்ணும் பண்ணாதீங்க. ஓட்டுங்க. கம்பி உக்காரட்டும். ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாங்க."

நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. ஏறி உட்கார்ந்து ஓட்டும்போது எடை மாறி மாறி விழ, முறுக்கு ஒவ்வொன்றாக விடுபடுகிறது. அந்தச் சத்தம். அதற்கு எந்த ஸ்பேனரும் கிடையாது. சக்கரம் உருள வேண்டும், அவ்வளவுதான். நினைத்துப் பார்த்தால் பஞ்சர் ஒட்டுவதிலேயே இது இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே பட்டையை ஒட்டினேன் முதல் தடவை. கொரட்டூர் போவதற்குள் பிய்த்துக்கொண்டது. பசை ஈரத்தில் ஒட்டாது. ஐந்து நிமிடம் காய விட்டு, தொட்டால் விரலில் வராத பதத்தில்தான் பிடிக்கும். கடைக்காரர்கள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் டயருக்குள் விரலை ஓட்டி முள்ளைத் தேடுகிறார்கள். நான் டீ குடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே எனக்குக் காய்ச்சல். பத்து நாள் மாடிக்குப் போகவில்லை. ஹெர்குலஸைப் பந்தலுக்குப் பக்கத்தில் தகரக்கூரையின் கீழ் சாய்த்து வைத்தபடி விட்டிருந்தேன். பதினோராம் நாள் போனால், செடிகள் என் உதவியில்லாமல் செழித்திருந்தன. வடிகிற மாதிரி ஓட்டை போட்ட பைகளுக்கு மழை ஒன்றும் செய்யவில்லை. மண்ணாகிக் கிடந்த ஒரு பையைக் கொட்டியபோது, ஒரு பால்ரஸ் துருவேறிச் செந்நிறமாக விழுந்தது. பதினெட்டாவது.

சுரைக்கொடி சைக்கிளைப் பிடித்திருந்தது. பற்றுக்கம்பி ஒன்று ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் பிரேக் ராடில் நாலு சுற்றுச் சுற்றி, அங்கிருந்து கொடிவரை சுருள் ஸ்பிரிங்காக நின்றது. உட்கார்ந்து பார்த்தேன். ராடில் தொடங்கி நடுவரை வலஞ்சுழி. நடுவில் ஒரு சின்ன நேர்த்துண்டு. அதன்பின் கொடிவரை இடஞ்சுழி. இரண்டு முனையும் பிடிபட்ட பிறகு ஒரே திசையில் சுருண்டால் கம்பி முறுக்கேறித் துண்டாகிவிடும். பாதி இப்படி, பாதி அப்படிச் சுருண்டால் முறுக்கு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். டார்வின் ஏறுகொடிகளைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதியவர். இந்தத் திருப்பத்தை அதில் விவரிக்கிறார். புயல்காற்றில் வேலிப்பக்கம் போய், இந்தச் சுருள்கள் கொடியை அறாமல் இழுத்துக்கொடுப்பதை நின்று பார்த்திருக்கிறார். செடிக்கும் இடது மரை உண்டென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்கா துணி காயப்போட வந்தவர் எதிர்மாடியிலிருந்து பார்த்தார். "என்ன தம்பி, பாரி வள்ளலா?"

பாரியிடம் லாயத்தில் இன்னொரு தேர் இருந்திருக்கும். எனக்குக் காலையில் இந்த வண்டியில்தான் பால் வாங்கப் போக வேண்டும். பிளேடை எடுத்து, கொடியின் பக்கமாக அறுத்தேன். ராடில் சுற்றியிருந்த பகுதியை மட்டும் பிய்க்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

அது அங்கேயே காய்ந்து, பழுப்பாகி, இறுகிக் கிடந்தது. தை மாதம் பிரேக் கட்டை மாற்றப் போனபோது கடைக்காரர் குனிந்து அதைக் கவனித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இந்த ஸ்பிரிங் எங்க சார் வாங்குனீங்க? ஹெர்குலஸ்ல இது வராதே" என்று தொட்டார். பொடியாக உதிர்ந்தது.